சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி 6-இலா, தை 1-இலா?

டிசம்பர் 18, 2024, இரவு

பாலக்கோட்டிலிருந்து ஒரு அண்ணன் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். டிசம்பர் 21 அன்று சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே நிற்கும், அதன்பிறகு வடக்கே வரும் என்று படித்துவிட்டு வந்தான். வீட்டுக் காலண்டரில் அன்றைக்கு மார்கழி 6, சூரியன் தனுசில். மகரத்துக்கு வருவதே தை 1-இல்தான், உத்தராயணமும் அன்றுதான். மகர ரேகையில் நிற்கிற சூரியன் தனுசில் எப்படி இருக்கும் என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. பஞ்சாங்கம் தப்பென்றால் ஜாதகமும் தப்புதானே?"

பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். ஆனால் அண்ணனின் கடைசி வரி சரியில்லை. பஞ்சாங்கமும் தப்பில்லை, பாடப் புத்தகமும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து எண்ணுகின்றன.

சூரியன் ஒரு வருடத்தில் சுற்றிவரும் பாதை 360 பாகை. சூரியன் பூமியின் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே ஏறும் புள்ளியிலிருந்து எண்ணினால் அது சாயனம். வெயில், மழை, பகலின் நீளம் எல்லாம் இந்தக் கணக்கில் ஓடுகின்றன. வானத்து நட்சத்திரத்தை வைத்து எண்ணினால் நிராயணம். நம் ராசி, நட்சத்திரம், தமிழ் மாதம் எல்லாம் இந்தக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அயனாம்சம். இன்றைக்கு அது 24 பாகை 12 கலை (60 கலை ஒரு பாகை). சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு பாகை நகர்கிறது. டிசம்பர் 21-இலிருந்து 24 நாள் எண்ணிப் பாருங்கள், பொங்கலில் வந்து நிற்பீர்கள்.

மகர ரேகை என்று பெயர் வைத்த பழங்காலத்தில் சூரியன் தெற்கே போய்த் திரும்பிய இடமும் மகரத்தின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பிறகு திரும்பும் இடம் நகர்ந்துவிட்டது, பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

டிசம்பர் 19

ஏன் நகர்கிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பம்பரம் வேகம் குறையும்போது அதன் தலை மெதுவாக வட்டம் போடுமே, பூமியின் அச்சும் அப்படித்தான். ஒரு வட்டத்துக்குச் சுமார் 25,800 வருடம். வருடத்துக்கு 50.3 விகலை (60 விகலை ஒரு கலை) என்றால் ஒரு பாகை நகர ஏறக்குறைய 72 வருடம்.

நம்மவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானநூலில் வருடத்துக்கு 54 விகலை என்று கணக்கு இருக்கிறது. முழு வட்டமாகச் சுற்றாமல் 27 பாகை போய்த் திரும்பி ஆடும் என்று கருதினார்கள், அந்த ஒன்று மட்டும் பொருந்தவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் வானநூல் அறிஞர் வராகமிகிரர், பழைய நூல்களின்படி உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில், இப்போதோ மகரத்தின் தொடக்கத்தில் என்று எழுதினார். அவர் நூலை மட்டும் நம்பாமல் வானத்தையும் பார்த்தார். இந்த டிசம்பர் 21-இல் சூரியன் மூலத்தில் நிற்கிறது. அவிட்டம், மகரத் தொடக்கம், மூலம் என்று படிப்படியாகப் பின்னால் வந்திருக்கிறது.

டிசம்பர் 21

பேசினால் போதாது என்று இன்று காவேரிப்பட்டணம் வீட்டுக் களத்தில் குச்சி நட்டேன். சரியாக ஒரு மீட்டர், மண்வெட்டிக் காம்பிலிருந்து அறுத்தது. அப்பாவின் நூல்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்தா என்று பார்த்துக்கொண்டேன். மணி 12-க்கு நிழல் 73 செ.மீ., வடக்கே.

டிசம்பர் 21, மாலை

திருத்தம். 12 மணிக்கு அளந்தது பிழை. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை நேரத்தில், நாம் இருப்பது 78.2-இல். சூரியன் நம் உச்சிக்கு வரச் சராசரியாக 17 நிமிடம் தாமதம். அதிலும் வருடம் முழுக்கச் சில நிமிடம் முன்னே பின்னே ஆகும். இன்றைக்கு உச்சி 12.15-ஐ ஒட்டி. நல்லவேளையாக 12.05 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தரையில் ஆணி அடித்துக்கொண்டே இருந்தேன். மிகக் குட்டையான நிழல் 72 செ.மீ. இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 28

ஒரு வாரமாகியும் அதே 72. நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு நெல் கனம் குறைந்த மாதிரி இருக்கிறது, சத்தியம் பண்ண மாட்டேன். திரும்பும் இடத்தில் சூரியன் நின்று திரும்புகிறது. "எந்த நாளில் திரும்பியது என்று குச்சியை வைத்துச் சொல்ல முடியுமா" என்று கேட்ட ஊத்தங்கரைத் தம்பிக்கு: குச்சியால் முடியாது. திரும்பிவிட்டது என்பதை மட்டும் பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சொல்லும்.

இன்று அப்பா காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் 14 நாளும் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, தூறல் உண்டா, வெயில் காய்கிறதா என்று குறித்துவைப்பார். அதிலிருந்து சுமார் 195 நாள் தள்ளி, ஆடியை ஒட்டி, அந்தக் கருமேகம் மழையாக இறங்கும் என்பது கணக்கு. அவர் நோட்டில் ஒவ்வொரு நாளும் நாலு கட்டம். பலித்ததா இல்லையா என்றும் எதிரில் எழுதியிருப்பார், பலிக்காததை அடித்து மறைக்க மாட்டார். 81 வயது. அந்த நேர்மைக்காகவே நான் அந்த நோட்டை மதிக்கிறேன்.

ஊத்தங்கரைத் தம்பி இதைப் படித்துவிட்டு, "போன 1-ஆம் தேதி எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அது எந்த நோட்டில் இருந்தது" என்று கேட்டார். நியாயமான கோபம். அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அது ஃபெஞ்சல் புயலின் மழை. கார்த்திகை கூதிர் காலம், வடகிழக்குப் பருவம், அதுவரை சூரியனின் கணக்கு வரும். எந்தப் புயல் எந்த ஊர் மேல் நிற்கும் என்பது அந்தக் கணக்கில் வராது.

ஜனவரி 2, 2025

தங்கை மகளுக்கு இன்று விடியற்காலை பெண் குழந்தை. இருவரும் நலம். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குச்சி நிழல் பார்த்தேன், 71.

ஜனவரி 5

குழந்தைக்கு ஜாதகம் எழுதச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கே திரும்பி வந்துவிட்டது. பிறப்புக் குறிப்பில் வருடம், அயனம், ருது (பருவம்), மாதம், திதி என்று வரிசையாக எழுத வேண்டும். மார்கழி 18. பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினால் தட்சிணாயனம், ஹேமந்த ருது. ஆனால் சூரியன் திரும்பி 12 நாள் ஆகிவிட்டது. களத்தில் நானே அளந்திருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். "சங்கல்பத்தில் ஐயர் என்ன சொல்றாரோ அதை எழுது" என்றார். அவர் வாக்கியக்காரர். நான் திருக்கணிதம். இருபது வருடமாக வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் தொங்குகிறது.

ஜனவரி 9

வாக்கியம், திருக்கணிதம் என்று எழுதிவிட்டேன், வித்தியாசம் என்ன என்று கேட்டுக் குவித்துவிட்டீர்கள். வாக்கியம் மனப்பாடமாகச் சொல்லிவந்த பழைய வாய்பாடு. திருக்கணிதம் இன்றைய வானில் கிரகம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது. இரண்டும் நிராயணம்தான். திதி முடியும் நேரத்தில் சில மணி வித்தியாசம் வரும். சனி விஷயத்தில் ஏறக்குறைய ஒரு வருடம்: திருக்கணிதப்படி வருகிற மார்ச் 29 சனி மீனத்துக்குப் போகிறது, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான்.

இதில் எங்கள் வீட்டுக்கு ஒரு காயம் உண்டு. இதே தங்கை மகளுக்கு முதலில் வந்த நல்ல இடம் ஒன்று கைநழுவிப் போனது. பையன் வீட்டு ஜோசியர் வாக்கியப்படி பார்த்து, நாங்கள் கொடுத்த நட்சத்திரப் பாதம் தப்பு, பெண்ணின் வயதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பிறந்த நேரம் பாதம் மாறும் எல்லையில் இருந்தது, அவ்வளவுதான். தங்கை மூன்று நாள் சாப்பிடவில்லை. எந்தப் பஞ்சாங்கம் என்று ஜாதகத்தின் தலையில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு ஜாதகத்திலும் பஞ்சாங்கம் எது, அயனாம்சம் எவ்வளவு என்று முதல் வரியில் எழுதுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுக்கிறவராக இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எழுதி வாங்குகிறவராக இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி 14, தை 1

பானை பொங்கியது. குச்சி நிழல் உச்சிவேளையில் 67. இன்றைக்கு உச்சி 12.26-க்கு. திரும்பாமல் நின்றிருந்தால் இந்த 5 செ.மீ. எங்கே போயிற்று? சின்னவன் ஆணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "சூரியன் நமக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு பெரியம்மா" என்று குதித்தான்.

போச்சம்பள்ளி அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்போது ஆயா காலத்திலிருந்து தை பிறந்தால்தான் பகல் நீளும் என்கிறார்களே, அவர்கள் கண் பொய்யா?" இல்லை அக்கா. நம் ஊர் அட்சரேகையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியிலிருந்தே பின்னுக்குப் போக ஆரம்பிக்கும். ஆனால் காலையில் உதிப்பது ஜனவரி நாலாவது வாரம் வரை தாமதமாகிக்கொண்டே வரும். இருட்டில் எழுந்து சாணி தெளிப்பவர்களுக்கு விடியல்தான் கணக்கு. அவர்களுக்குத் தையில்தான் காலம் திரும்புகிறது. ஆயா பார்த்தது உண்மை.

ஜனவரி 16

கி.பி. 285-ஆம் ஆண்டு வாக்கில் அயனாம்சம் பூஜ்யம், அன்று உத்தராயணமும் மகர சங்கராந்தியும் ஒரே நாள் என்று ஓசூர் அண்ணன் ஒருவருக்குப் பதில் எழுதினேன். அது எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விட்டது குறை. சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்புள்ளியை மேஷத்தின் தொடக்கமாக வைக்கும் கணக்கு அது. இயற்பியல் அறிஞர் மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைத்தான் எடுத்துக்கொண்டது. 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று வைத்தார்கள். இன்று பெரும்பாலான திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் இந்த வழிதான். அதே குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டியோ சாயன வழியில், மார்ச் 22-ஐ ஒட்டிச் சைத்திரம் 1 என்று தொடங்குகிறது. இரண்டையும் தனித்தனியே வைத்தார்கள், ஒன்றோடொன்று குழப்பவில்லை.

பொங்கல் தேதியே நகர்வதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். விவேகானந்தர் 1863 ஜனவரி 12 பிறந்தார், அன்று மகர சங்கராந்தி. இப்போது 14 அல்லது 15.

ஜனவரி 17

மேலே ஒரு நாள் நகர 72 வருடம் என்ற பொருள்பட எழுதியிருந்தேன். சரியாகச் சொன்னால் நட்சத்திர வருடம் பருவ வருடத்தைவிட 20 நிமிடம் 24 விநாடி அதிகம், ஒரு நாளுக்கு 70 வருடம் சொச்சம். சூரிய சித்தாந்தத்தின் வருடம் இன்னும் மூன்றரை நிமிடம் கூடுதல். அதை வைத்தால் 60 வருடத்துக்கு ஒரு நாள். கணக்குப் போட்டுக் காட்டிய பர்கூர் வாத்தியாருக்கு நன்றி.

மார்ச் 20

பகலும் இரவும் சமமாகும் நாள். நிழல் 22. மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு கோலிக்குண்டு அளவு. பத்து நாளில் யுகாதி. எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு, அவர்களுக்கு அதுதான் வருடப்பிறப்பு. சந்திரனை வைத்து வருவதால் அது ஒரு மாதம் வரை முன்னே பின்னே ஆடும், அதிக மாதம் போட்டுத் திரும்ப இழுத்துக்கொள்வார்கள். இன்றைய நாள்தான் சாயனக் கணக்கின் தொடக்கம், ஆனால் யார் வீட்டிலும் விசேஷம் இல்லை.

ஏப்ரல் 12, இரவு

எல்லோரும் மொட்டைமாடிக்குப் போங்கள். முழுநிலா. அதற்குப் பக்கத்திலேயே வெள்ளையாக ஒற்றை நட்சத்திரம் நிற்கும். அதுதான் சித்திரை. முழுநிலா என்றால் சூரியன் நேர் எதிரே இருக்கிறது என்று பொருள். சித்திரைக்கு நேர் எதிர்ப்புள்ளி எது? மேஷத்தின் வாசல். நாளை மறுநாள் சித்திரை 1. பஞ்சாங்கம் பொய் சொல்கிறது என்று நினைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் போதும். அது நட்சத்திரத்துக்குக் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

ஏப்ரல் 22

12.16-க்குக் குச்சிக்கு நிழலே இல்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்தோம், அதைச் சுற்றியும் இல்லை. சூரியன் நேர் உச்சியில். இன்று சித்திரை 9.

இப்போது ஒன்று தோன்றுகிறது. ஜோதிடத்தில் சூரியனுக்கு உச்சம் மேஷம் 10-ஆம் பாகை. அது நாளை மறுநாள் வருகிறது. தலைக்கு மேல் உச்சியும் கிட்டத்தட்ட அதே நாள்! நம் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, ஓசூர் வரிசையில் இருந்துதான் உச்சத்தை வகுத்தார்களோ?

ஏப்ரல் 23

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இரவெல்லாம் யோசித்தேன். அயனாம்சம் பூஜ்யமாக இருந்த காலத்தில் மேஷம் 10-இல் சூரியனின் கிராந்தி (நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவு) வடக்கே சுமார் 4 பாகைதான். அப்போது அது இலங்கைக்கும் தெற்கே கடலுக்கு மேல் நின்றிருக்கும். இன்று நம் ஊருக்கு மேல் பொருந்துவது இந்தக் காலத்துக்கு மட்டும் வாய்த்த பொருத்தம், இன்னும் சில நூறு வருடத்தில் விலகிவிடும். பகிர்ந்துகொண்டவர்கள் தயவுசெய்து இந்தத் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

மே 25

கத்திரி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நேற்றே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இங்கேயும் குளிர்ந்த காற்று. கத்திரியும் நிராயணக் கணக்குதான்: பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம் வரை சூரியன் கடக்கும் காலம். 285-இல் இது ஏப்ரல் 10-ஐ ஒட்டித் தொடங்கியிருக்கும். இன்னும் ஆயிரம் வருடம் போனால் மே 18-க்கு மேல் தொடங்கும். அப்போது கத்திரியில் குடை பிடிப்பார்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் அம்மா பிறந்த வீட்டில் ரோகிணி கார்த்தி, மிருகசிர கார்த்தி, ஆரித்ரா மழை என்றுதான் ராகிக்கும் அவரைக்கும் நாள் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் 13, 14 நாள், சூரியன் ஒரு நட்சத்திரத்தில் இருக்கும் காலம். இன்றைக்கு ரோகிணி கார்த்தி. மாமா உழவுக்கு ஆள் சொல்லிவிட்டார். மண்ணின் ஈரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், கார்த்தியை மட்டும் பார்த்து அல்ல.

ஜூன் 21

நிழல் 19.5 செ.மீ., தெற்கே. வருடத்தில் நாலு மாதம் மத்தியான நிழல் தெற்கே விழும் என்று சொன்னால் நம்பாதவர்கள் இப்போது போய்ப் பார்க்கலாம்.

ஜூன் 29

பாலக்கோட்டு அண்ணன் ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறார். மகன் பத்தாவது போய்விட்டான். "முடிவாக என்னதான் சொல்கிறீர்கள்?" என்கிறார்.

ராசியும் நட்சத்திரமும் தசையும் நட்சத்திர வட்டத்தின் சொத்து, அவற்றை நிராயணத்தில் பாருங்கள். அயனமும் ருதுவும் சூரியன் வடக்கே தெற்கே போய்வரும் நடை, அவற்றைச் சாயனத்தில் பாருங்கள். இது நானாகக் கண்டுபிடித்தது அல்ல. கிரகத்தின் பலத்தை ஆறு வகையில் அளக்கும் ஷட்பலத்தில் அயன பலம் என்று ஒன்று உண்டு. அதைப் போட அயனாம்சத்தைக் கூட்டிச் சாயனமாக்கிக் கிராந்தி எடுக்க வேண்டும். லக்னத்துக்கு ராசிமானம் (ஒவ்வொரு ராசியும் உதிக்க ஆகும் நேரம்) எடுக்கும்போதும் அதே. சாஸ்திரத்துக்கு உள்ளேயே இரண்டும் இருக்கின்றன. கணக்குப் போடும்போது கூட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில் அயனம் எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

பொங்கலை டிசம்பருக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெல்லும் கரும்பும் மஞ்சளும் தையில்தான் வீட்டுக்கு வருகின்றன. பொங்கல் அறுப்புக்கும் சூரியனுக்கும் நன்றி சொல்லும் நாள். பிள்ளைகளிடம் "இன்றுதான் சூரியன் திரும்புகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சூரியன் இன்று மகர ராசிக்குள் வருகிறது" என்று சொல்லுங்கள், அது உண்மை.

ஆகஸ்ட் 20

நிழல் மறுபடியும் இல்லாமல் போனது. ஆவணி 4. வானம் பாதி மூட்டம், 12.20-ஐ ஒட்டி இரண்டு நிமிடம் மட்டும் வெயில் கொடுத்தது, அதற்குள் பார்த்துவிட்டோம்.

குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்து தவழ்கிறாள். ஜாதகத்தை இன்றுதான் எழுதி முடித்துக் கொடுத்தேன். முதல் வரி: திருக்கணிதம், அயனாம்சம் 24 பாகை 12 கலை. அயனம் என்ற இடத்தில் "கிராந்திப்படி உத்தராயணம், பஞ்சாங்க வழக்கில் தட்சிணாயனம்" என்று எழுதியிருந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வழக்கை முதலில் எழுது, உன் கிராந்தியை அடுத்து எழுது என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினேன். பிறகு, "அன்னைக்கு நிழல் எவ்வளவுன்னு சொன்னே?" என்று கேட்டார். 71 என்றேன். அதையும் அந்த வரிக்குக் கீழேயே எழுதச் சொன்னார்.